மூன்றுக்கும் பதினாலுக்கும் நடுவில்

நாலாம் நம்பர் யாரு மேடம், ப்ராக்டீஸுக்கே காணோமே என்று எங்கள் கால்பந்து டீமின் புதுக் கோச் தயாளன் போனில் கேட்டபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது, ஏனென்றால் மனிதர் வியாசர்பாடியிலிருந்து எங்கள் கடற்கரைக்கு வந்து இறங்கி இன்னும் பெட்டியைக்கூட முழுதாகப் பிரித்திருக்க மாட்டார், டெல்வினை மெல்வின் என்கிறார், ஆன்றோவை ஆண்டோ என்கிறார், அதே கணக்கில் இதுவும் ஒன்று என்று நினைத்துக்கொண்டு, நாலு கிடையாது சார், அது பதினாலாக இருக்கும், பெர்க்ளின், என்றேன். "பதினாலு தெரியும் மேடம், அவன்தான் உங்க டேபிள்ல கடைசில இருக்கானே. நான் கேக்கறது நாலு. டிஃபென்ஸ்ல அவருதான் டாப்பு. பேரு போட மறந்துட்டீங்க போல, கட்டம் காலியா இருக்கு. கடலுக்குப் போயிருக்காரா?" மின்விசிறி சுற்றுகிற சத்தம் அவருக்கும் கேட்டிருக்கும். "போயிருந்தா ஆள் அனுப்பிக் கூப்பிடுங்க மேடம். ஞாயித்துக்கிழமை ஃபைனலுக்குப் பதினாலை உட்கார வெச்சிட்டு நாலை இறக்கலாம்னு இருக்கேன். சாயங்காலம் ப்ராக்டீஸுக்கு முன்னாடி சொல்லிட்டீங்கன்னா டீம் போட்டுடுவேன்." பார்த்துச் சொல்கிறேன் சார் என்று எப்படியோ வாயிலிருந்து வந்துவிட்டது. கடலுக்குத்தான் போயிருக்கிறார், ஆமாம், அதில் பொய் ஒன்றும் இல்லை, போன கார்த்திகைக்கு முந்தின கார்த்திகையில் போனவர், ஆள் அனுப்பிக் கூப்பிடுவதென்றால் யாரை அனுப்புவது.

மத்தியான வெயில் ஜன்னல் கம்பியைத் தாண்டி மேசை வரைக்கும் வந்து லேப்டாப்பின் மூடியைச் சுட வைத்திருந்தது. திறந்தேன். திறக்காமலே இருந்திருக்கலாம், தலைவலி என்று சொல்லி நாளைக்குத் தள்ளியிருக்கலாம், ஆனால் நாளைக்குள் டீம் எழுதிவிடுவார்கள், பெர்க்ளின் பெஞ்சில் உட்காருவான், ஞாயிறன்று அரசாங்க டிபார்ட்மெண்ட் டீமுக்கு ஆள் எடுக்க வருகிறவர்கள் பெஞ்சில் இருப்பவனைப் பார்க்கவா வருகிறார்கள், பார்த்து எடுத்தால் வேலை, நிலத்தில் வேலை, மாதம் பிறந்தால் சம்பளம், எடுக்காவிட்டால் திங்கட்கிழமை கொச்சியிலிருந்து புறப்படுகிற போட்டில் அவனுக்கு இடம் போட்டு வைத்திருக்கிறார்கள். எங்கள் வீட்டில் ஒருவரைக் கடல் எடுத்தது போதாதா. அட்டவணை திறந்தது. கடைசியில் பதினாலு. மேலே, எல்லோருக்கும் மேலே, நாலு. பக்கத்தில் பெயர்க் கட்டம் வெள்ளையாக. இந்த அட்டவணையை நேற்று நானேதான் அனுப்பினேன், மேலிருந்து கீழே ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் அனுப்பினேன், பார்த்தபோது அந்த வரிசை எனக்கு ஏன் உறுத்தவில்லை? உறுத்தவில்லை என்பதுதான் இப்போது உறுத்துகிறது. வீட்டில் இருக்க வேண்டிய ஆள் வீட்டில் இருந்தால் யாருக்கு உறுத்தும்.

கீபோர்டுச் சாவியின் கோளாறாக இருக்கும். ஆமாம், சாவிதான். இந்த ஊரில் உப்புக்காற்று எதைத்தான் விட்டுவைத்தது, கதவின் கொண்டி, சைக்கிள் செயின், போன வருஷம் வாங்கிய மிக்ஸி, லேப்டாப்பில் ஒன்று என்ற சாவி மட்டும் என்ன புண்ணியம் செய்ததாம். என் வேலை அவ்வளவு சிக்கல் இல்லை. கோயில் ஹால் மொட்டைமாடியிலோ, வெளியூர் என்றால் அங்கே ஏதாவது ஒரு மாடியிலோ கேமரா வைத்து ஆட்டத்தைப் பிடித்துத் தருகிறார்கள், நான் அதை ஓட விட்டுப் பார்த்துக்கொண்டே தட்ட வேண்டும், முதலில் ஆளின் நம்பர், பிறகு அவன் செய்த காரியத்துக்கான எழுத்து, மறித்தானா, பறித்தானா, நடுவில் புகுந்து எடுத்தானா, வந்தவனைத் திரும்பிப் போக வைத்தானா. கல்லூரியில் புள்ளியியல் நடத்துகிறவளுக்கு இதெல்லாம் தேவையா என்று பிரின்சிபால் கேட்டார், ஊரில் அண்ணியை மைனி என்பார்கள், எனக்குக் கணக்கு மைனி என்று பட்டமே வைத்துவிட்டார்கள், கோல் விழுந்தால் கத்தாமல் குனிந்து எழுதுகிற ஒரே பொம்பளை நான்தானாம். பதினாலு என்று தட்டும்போது ஒன்று அழுந்தாமல் நாலு மட்டும் அழுந்தியிருக்கும், பெர்க்ளின் செய்ததெல்லாம் நாலாம் நம்பர் கணக்கில் ஏறியிருக்கும், அவ்வளவுதான், எவ்வளவு எளிது. ஒரு காகிதத்தில் பேனாவைக் கிறுக்கிப் பார்க்கிற மாதிரி ஒரு வெற்றுக் கட்டத்தில் தட்டிப் பார்த்தேன். பத்து, சரியாக வந்தது. பதினொன்று, வந்தது. பன்னிரண்டு. பதினாலு, பதினாலு, பதினாலு. ஒவ்வொரு தடவையும் அழகாக வந்து நின்றது. பத்தாம் நம்பர் ஆன்றோவின் கணக்கில் ஒரு பிசகும் இல்லை, பதினொன்றில் இல்லை. உப்புக்கு ஆள் பார்த்து அரிக்கத் தெரியுமா. அப்படியென்றால் கோளாறு சாவியில் இல்லை. என் விரல். என் விரல் மட்டும் என்று சொல்லிவிட்டால் போதுமா, விரல் கண்ணைக் கேட்டுத்தானே தட்டும், கண் எதைப் பார்த்தது என்று இனி போய்ப் பார்க்க வேண்டும்.

நாலு என்ற எண்ணின் மேல் அழுத்தினால் அந்த ஆள் செய்ததெல்லாம் துண்டு துண்டாக வரிசையில் வரும், ஒவ்வொன்றும் மூச்சு இழுத்து விடுகிற நேரம். அழுத்துவதற்கு முன்னால் முந்தானையால் கையைத் துடைத்தேன், எதற்குத் துடைத்தேனோ. முதல் துண்டு, வெயில், மண் பறக்கிற மைதானம், மேலே இருந்து பார்ப்பதால் ஆட்கள் தலையும் நிழலுமாகத் தெரிகிறார்கள், எதிரணியின் வலதுபக்கத்துக்காரன் பந்தோடு வருகிறான், எங்கள் ஆள் ஒருவன் பக்கவாட்டில் சரிந்து காலை நீட்டிப் பறிக்கிறான், முதுகில் பதினாலு. பெர்க்ளின். அப்பாடா. இரண்டாவது, பெர்க்ளின். மூன்றாவதில் பந்து காற்றில் வருகிறது, தாவி நெற்றியால் தள்ளுகிறான், விழுந்து எழுந்து ட்ரவுசரின் பின்பக்கத்தைத் தட்டிவிடுகிறான், அதுவும் பெர்க்ளின்தான், பெரிய பேயைப் பார்த்தவள் மாதிரி இது என்ன கூத்து என்று என்னையே திட்டிக்கொண்டேன். ஆனால் தட்டிவிடுகிற விதம். இடது கையால் இரண்டு தட்டு, வலது கையால் ஒன்று. நாலாம் நம்பர் சட்டை போட்டு ஆடிய என் வீட்டுக்காரர் ஹிலாரி அப்படித்தான் தட்டுவார். மண்ணில் விழாத நாளிலும், பாயிலிருந்து எழுந்தாலும், கோயிலில் முழங்காலிட்டு எழுந்தாலும் அந்த மூன்று தட்டு, கல்யாணமான புதிதில் நான் அதைச் செய்து காட்டிக் கேலி பண்ணுவேன், அவருக்குக் கோபம் வராது, காது மட்டும் சிவக்கும். பெர்க்ளின் அவருடைய சித்தப்பா மகன், அவரோடு ஒரே முற்றத்தில் வளர்ந்தவன், பார்த்துப் பார்த்து ஒட்டிக்கொண்டிருக்கும், இதில் அதிசயம் என்ன இருக்கிறது. மேலே இருந்து பார்க்கும்போது தோள்கூட அதே தோள்தான். ஆக, என் கண் தம்பியைப் பார்த்து அண்ணன் என்று எடுத்துக்கொண்டது, விரல் நாலைத் தட்டியது, நான் அதை நம்பி அனுப்பினேன். வகுப்பில் இதற்கு ஒரு பெயர் சொல்லி அரைமணி நேரம் நடத்துவேன். அளக்கிறவளின் ஆசை அளவுக்குள் வந்துவிடுவது. பிள்ளைகள் கொட்டாவி விட்டுக்கொண்டு எழுதிக்கொள்ளும்.

அப்படியே விட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும், அடுத்ததும் பெர்க்ளின், அதற்கடுத்ததும் பெர்க்ளின், நான் ஒவ்வொன்றாகப் பதினாலுக்கு மாற்றிக்கொண்டே வந்தேன், கை வேகம் பிடித்துவிட்டது, ஏதோ ஒரு துண்டில் மாற்றப் போன கை நின்றது. எதிரணியின் வலதுபக்கத்துக்காரன், குள்ளமாக, நல்ல ஓட்டக்காரன், பந்தைக் காலடியில் வைத்துக்கொண்டு நேராக வருகிறான். பெர்க்ளின் படத்தின் மறு ஓரத்தில் வேறு ஆளோடு இருக்கிறான். மூன்றாம் நம்பர் டெல்வின் முன்னேறிப் போய் மாட்டிக்கொண்டு திரும்பி ஓடி வருகிறான், வந்து சேர மாட்டான். நடுவில் திறந்து கிடக்கிறது, ஒரு மாட்டுவண்டியையே ஓட்டிக்கொண்டு போகலாம், அவனுக்கும் கோலுக்கும் நடுவில் கோல் காக்கிற கோலி மட்டும். அவன் வருகிறான், வந்தவன் நிற்கிறான். தலையை நிமிர்த்துகிறான். ஒரு ஆளின் இடுப்பைப் பார்ப்பது போல முதலில் கீழே, பிறகு முகத்தைப் பார்ப்பது போல மேலே. பந்தை இடது காலுக்கு மாற்றுகிறான், வலதுக்கு மாற்றுகிறான், பிறகு சுற்றிக்கொண்டு வந்த வழியே பந்தைத் திருப்பி அனுப்பிவிடுகிறான். அவன் கூட்டாளிகள் இரண்டு கையையும் விரித்துக் கத்துகிறார்கள். அந்த நேரத்தில் நான் நாலு தட்டியிருக்கிறேன். வந்தவனைத் திரும்பிப் போக வைத்தான் என்ற எழுத்தையும் தட்டியிருக்கிறேன். மறுபடி ஓட்டினேன். மறுபடியும். மாலை ஆட்டம், எல்லோருக்கும் நிழல் நீளமாக விழுந்திருக்கிறது, அதனால் ஆட்களை விட்டுவிட்டு நிழல்களைப் பார்த்தேன், குள்ளனுக்கு நிழல் இருக்கிறது, ஓடி வருகிற டெல்வினுக்கு இருக்கிறது, குள்ளன் நின்ற இடத்துக்கு எதிரே மண் வெறும் மண்ணாகப் பளபளக்கிறது. நிழல் இல்லை. இல்லை என்றதும் மனம் லேசாக வேண்டியதுதானே முறை. எனக்கு அழுகை வந்தது. இருந்திருக்கலாம் என்று வந்தது. இருந்தால் கத்தியிருப்பேன் என்பதும் தெரியும்.

இன்னும் நாலைந்து துண்டுகள் அதே மாதிரி. வேறு வேறு ஊர் மைதானம், வேறு வேறு எதிரணி, எங்கள் ஊர்க் கதை ஒன்றும் தெரியாதவர்கள். ஒருவன் காலி இடத்தில் யாரையோ சுற்றிக்கொண்டு போகிறவன் போல வளைந்து ஓடிக் கோட்டுக்கு வெளியே பந்தை விட்டுவிடுகிறான். ஒருவன் நல்ல வேகத்தில் வந்தவன் சட்டென்று தோளைக் குறுக்கிக்கொள்கிறான், இடி வாங்கப் போகிறவன் குறுக்கிக்கொள்வது போல. யாரும் இடிக்கவில்லை, தானே தடுமாறி விழுகிறான், விழுந்தவன் ரெஃப்ரியைப் பார்த்துக் கையைத் தூக்குகிறான், ரெஃப்ரிக்குப் புரியவில்லை. நான் கணக்குக்காரி. ஒன்று நடந்தால் தற்செயல், நாலு நடந்தாலும் தற்செயலாக இருக்கலாம், கல்லைக் கடலில் எறிந்துகொண்டே இருந்தால் என்றைக்காவது ஒரு மீன்மேலும் விழும், இதைத்தானே வருஷா வருஷம் சொல்லிக் கொடுக்கிறேன். அதனால் வேறு பக்கமாகப் போனேன். எந்த இடம் வரை வந்த பந்து எத்தனை தடவை கோலாகும் என்று பழைய ஆட்டங்களை வைத்து ஒரு கணக்கு உண்டு, அதைக் கூட்டினால் ஒரு டீம் வாங்கியிருக்க வேண்டிய கோல் தெரிந்துவிடும். எங்கள் டீம் இந்த சீசனில் வாங்கியிருக்க வேண்டியது பத்துக்கு மேல். வாங்கியது மூன்று. கோலி கெட்டிக்காரன் என்று ஊரே தூக்கிவைத்து ஆடியது, பாவம் அவனுக்கே தெரியும், பாதி ஆட்டங்களில் அவனுக்கு வேலையே இல்லை. எல்லோரும் எங்கே நிற்கிறார்கள் என்று புள்ளி வைத்துப் பார்த்தேன். பின்வரிசை நாலு பேரில் மற்றவர்களுக்கு நடுவே சாதாரண இடைவெளி, டெல்வினுக்கும் பெர்க்ளினுக்கும் நடுவே மட்டும் அகலம், சாதாரணமாக இருக்க வேண்டியதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு, ஒரு ஆட்டத்தில் என்றில்லை, எல்லாவற்றிலும், ஆட்டம் போகப் போக மற்ற இடைவெளிகள் விரிந்து சுருங்கினாலும் இது மட்டும் அப்படியே. ஒரு ஆள் நிற்கிற அகலம். படத்தில் பார்த்தால் நாலு பேர் வரிசை போலவே இல்லை. ஐந்து பேர் வரிசையில் ஒருவரை அழித்த மாதிரி இருந்தது.

அது எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியாதா என்ன. ஆட்டம் தொடங்குவதற்கு முன்னால் தோளில் கைபோட்டு வரிசையாக நின்று ஜெபம் சொல்வார்கள், ஹிலாரி போன போட் வராத பிறகு நடந்த முதல் ஆட்டத்தில் மூன்றாம் நம்பருக்கு அடுத்தபடி ஓர் ஆள் இடம் விட்டு நின்றார்கள், யாரும் பேசி வைத்துக்கொள்ளவில்லை, அதுவாக அமைந்தது. அந்த இடத்தில் டெல்வினின் வலது கையும் பெர்க்ளினின் இடது கையும் யார் தோளிலும் படாமல் காற்றில், தோள் உயரத்தில், அப்படியே நிற்கும். அன்றைக்கு ஊரே அழுதது. பிறகு அது வழக்கமாகிவிட்டது, வழக்கமான பிறகு யாரும் அழவில்லை. நாலாம் நம்பர் சட்டையை யாருக்கும் கொடுக்கவும் இல்லை, எடுத்து வைக்கவும் இல்லை, துவைத்துக் கிளப்பில் தொங்கவிட்டிருக்கிறார்கள். எங்கள் கரையில் உடல் கிடைக்காதவனைச் செத்தான் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். இன்னும் கரைக்கு வரல்லே என்பார்கள். பங்குச் சாமியார் பூசையில் பெயரை வாசிக்கும்போதுகூடக் கடலில் இருக்கிறவர்கள் என்றுதான் சேர்த்து வாசிப்பார், மளிகைக் கடையில், பஸ்ஸில், கல்லூரி விண்ணப்பத்தில்கூட நான் அந்த வார்த்தையைச் சொன்னதில்லை, சொல்ல விடவும் இல்லை. என் அம்மா ஒருமுறை வாயெடுத்தாள், மூன்று மாதம் அவளோடு நான் பேசவில்லை. வெள்ளைச் சேலை கட்டாதவள், கட்டவும் வேண்டாதவள், ஒரு சௌகரியமும் இருந்தது அதில், இல்லையென்று சொல்ல மாட்டேன். வரல்லே என்றால் கதவு மூடவில்லை. கதவு மூடாத வீட்டில் காற்று எப்போதும் வந்துகொண்டே இருக்கும், உடம்புக்கு ஆகாது, ஆனாலும் பழகிவிடுகிறது.

வேலையை முடிக்க வேண்டும். பெர்க்ளின் செய்தது பெர்க்ளினுக்கு. மாற்ற மாற்ற பதினாலு அட்டவணையில் ஏறுகிறான், நாலு இறங்குகிறது, ஒவ்வொன்றாக அவரிடமிருந்து பிடுங்குகிற மாதிரி இருந்தது எனக்கு, பறித்தது பத்து குறைந்தது, தலையால் தள்ளியது குறைந்தது, இரண்டு வருஷமாக அந்த மனிதர் எங்கேயும் ஒரு துரும்பை நகர்த்தவில்லை, இந்த ஒரு வரிசையில்தான் ஓடினார், தாவினார், விழுந்து எழுந்தார், அதையும் நான் எடுக்கிறேன். யாருக்கு எடுக்கிறேன் என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டேன், உயிரோடு இருக்கிறவனுக்கு, திங்கட்கிழமை போட்டில் ஏறக்கூடாதவனுக்கு. கடைசியில் நாலின் வரிசையில் அந்த ஆளில்லாத துண்டுகள் மட்டும் மிச்சம். அவற்றைப் பெர்க்ளினுக்குக் கொடுக்க முடியாது, அவன் படத்திலேயே இல்லை, கொடுத்தால் பொய். காரணம் தெரியாததையெல்லாம் போட்டு வைக்க எங்கள் வேலையில் ஒரு பெட்டி உண்டு, எதிரணியின் பிழை என்று பெயர். அதில் போட்டேன். குள்ளன் தலை நிமிர்த்தியது பிழை. தோளைக் குறுக்கியவன் பிழை. வரிசை வெறுமையானது. இந்த ஆட்டக்காரரை நீக்கவா என்று கேட்டது. இந்த இயந்திரத்துக்கு நாகரிகம் தெரியாது, ஆம், இல்லை, இரண்டே பொத்தான். ஆம் என்று அழுத்தினேன். ஒன்றும் ஆகவில்லை, மின்விசிறி சுற்றியது, அட்டவணை ஒரு வரி குறைந்து நின்றது. அந்த இடைவெளியை நிறமிட்டுக் காட்டிய படத்தையும் ஒரு குறிப்பையும் சேர்த்துக் கோச்சுக்கு அனுப்பிவிட்டு முகம் கழுவினேன். கண்ணாடியில் என் முகத்தை மட்டும் பார்த்தேன், பின்னால் பார்க்கவில்லை.

துடைப்பதற்குள் போன். "மேடம், சூப்பர் மேடம். நாலே கிடையாதா? நான் ஒரு லூசு, அதையே புடிச்சிக்கிட்டு இருந்தேன். பதினாலு இப்ப எங்கியோ போயிட்டான்." என் தவறுதான் சார், மன்னிக்கணும், என்றேன். அவர் சிரித்தார், பிறகு சிரிப்பை நிறுத்தினார். "ஆனா ஒரு விஷயம் இருக்கு மேடம். அந்த கேப்பு. மூணுக்கும் பதினாலுக்கும் நடுவுல. நீங்களே கலர் பண்ணி அனுப்பிச்சிருக்கீங்க, நானும் கிரவுண்டுல பாத்துக்கிட்டுதான் இருக்கேன். இதுவரைக்கும் கோல் வாங்காதது சும்மா லக்கு. ஃபைனல்ல வர்றவன் அது வழியா பூந்தான்னா அவ்ளோதான், கதை முடிஞ்சிது." ஆமாம் சார், என்றேன், அதிர்ஷ்டம் சராசரிக்குத் திரும்பியே ஆகும், அதுதான் கணக்கு, நானே எழுதியிருக்கிறேன். "உள்ள வாடா உள்ள வாடான்னு பதினாலைப் பாத்து தொண்டை கிழியக் கத்தறேன் மேடம். வர்றான், ரெண்டு நிமிஷத்துல பழையபடி தள்ளிப் போயிடறான். அது கூட பரவால்ல. தலையை ஒரு பக்கமா சாய்ச்சிக்கிறான். பக்கத்துல யாரோ பேசறதைக் கேக்கற மாதிரி. எனக்கே ஒரு மாதிரி ஆயிடுது. இன்னிக்கு ப்ராக்டீஸ்ல அதை அடைச்சான்னா டீம்ல இருக்கான். இல்லன்னா டேபிள் இன்னா சொன்னாலும் நான் வெளிய வெச்சிடுவேன், கோச்சிக்காதீங்க. உங்களுக்குச் சொந்தம்தானே? நீங்க சொன்னா கேப்பான்."

பெர்க்ளினுக்குப் போன் போட வேண்டும். சொல்ல வேண்டியது சின்ன விஷயம், தம்பி, இரண்டு எட்டு உள்ளே தள்ளி நில்லு. கோச் சொல்லிக் கேட்காதவன் நான் சொன்னால் எதற்குக் கேட்பான், கேட்பதற்கு நான் என்ன சொல்ல வேண்டும் என்று எனக்குத் தெரியும், தெரிந்ததால்தான் விரல் பட்டனுக்குப் போகவில்லை. வெயில் மேசையை விட்டு இறங்கிச் சுவர் ஓரமாகப் போயிருந்தது. கோயிலுக்குப் பின்னாலிருக்கிற மைதானத்திலிருந்து பந்து உதைக்கிற சத்தம் ஒன்றிரண்டு வர ஆரம்பித்துவிட்டது. போட்டேன். முதல் மணியிலேயே எடுத்தான். "மைனி, பூட்ஸு கட்டிக்கிட்டு இருக்கேன், சொல்லுங்க." நீ ஏன் டெல்வினை விட்டு அவ்வளவு தள்ளி நிற்கிறாய் என்று கேட்டேன். அவன் உடனே பதில் சொன்னான், மறைக்கிற குரலே இல்லை. "பின்னே எப்பிடி மைனி ஒட்டி நிக்க? அண்ணன் சத்தம் போடுவாரே. தள்ளி நில்லுலே, எனக்கு இடம் விடுன்னு சொல்லுகாரு." எப்போது சொல்கிறார், எல்லா நேரமும் சொல்கிறாரா? "ஆட்டம் தொடங்குனா சொல்லுவாரு. வெளியே ஒண்ணும் கிடையாது." ஏன்டா என்னிடம் இத்தனை நாள் சொல்லவில்லை? கேட்டதும் அந்தப் பக்கம் மூச்சு மாறியது. "எனக்கு மண்டைக்குச் சுகமில்லேன்னுதான் மைனி நினைச்சிருந்தேன். யாருட்டயும் சொல்லல்லே. நேத்து கோச்சு நீங்க எழுதுன பேப்பரைக் காட்டுனாரு. நாலாம் நம்பர்னு முதல்லயே இருந்துச்சு. யாரும் காணாம பின்னாலே போயி நின்னு அழுதுட்டேன். அப்போ மைனியும் பாக்குகாங்க, நான் மட்டும் இல்லேன்னு."

பாவி மகளே, என்ன காரியம் செய்து வைத்திருக்கிறாய் என்று எனக்குள் யாரோ கத்தினார்கள். அவன் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்ததற்கு நான் சான்றிதழ் எழுதிக் கொடுத்திருக்கிறேன், அதுவும் அட்டவணை போட்டு, புள்ளியியல் படித்தவள் கையெழுத்தோடு. ஆமாம், நானும் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டால் எவ்வளவு நன்றாக இருக்கும், இரண்டு பேருமாக அவரை அந்த இடத்தில் வைத்துக்கொள்ளலாம், அவன் தள்ளி நிற்பான், நான் நாலு தட்டுவேன், அவர் ஓடிக்கொண்டே இருப்பார், அதற்கு விலையாக இவன் பெஞ்சில் உட்கார்ந்து, போட்டில் ஏறி, ஒரு கார்த்திகையில் இவனும் வரல்லே என்றாகிவிடுவான், பிறகு வரிசையில் இரண்டு இடம் விட்டு நிற்பார்கள். "மைனி?" என்றான். "இருக்கீங்களா?" இருக்கிறேன். "பெர்க்ளின், நல்லா கேளு," என்றேன், என் குரல் வகுப்பில் பேசுகிற குரலாக வந்தது, அது உதவியாகவும் இருந்தது. "நான் எழுதுனது தப்பு. நீ செஞ்சதெல்லாம் அவரு பேருலே எழுதிட்டேன். திருத்தி அனுப்பியாச்சு. அங்க யாரும் இல்லே." ஜன்னல் கம்பியை எட்டிப் பிடித்துக்கொண்டேன். "உங்கண்ணன் செத்துப்போனாரு. கடல்ல செத்துப்போனாரு. கேக்குதா? நீ உள்ள தள்ளி டெல்வின்கிட்ட ஒட்டி நில்லு. இன்னிக்கு மட்டும் இல்லே, இனி எப்பவும்." சொல்லிவிட்டேன். கூரை இடியவில்லை. அந்த வார்த்தையைச் சொன்னால் உள்ளே ஏதோ அறுந்துவிடும் என்று இரண்டு வருஷமாகப் பயந்துகொண்டிருந்தேன், அறுந்தது, சத்தமே இல்லாமல் அறுந்தது, கண்ணீர் கழுத்து வரைக்கும் வந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

மைதானத்தில் விசில் ஊதினார்கள். போனிலும் ஜன்னலிலுமாக இரண்டு முறை கேட்டது. பெர்க்ளின் மூக்கை உறிஞ்சினான். "சரி மைனி," என்றான். "ஒட்டி நிக்கேன்." கோச் அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவது கேட்டது, அவன் இந்தா வாறேன் என்று போனை விலக்கிக் கத்தினான், வைத்துவிடுவான் என்று நினைத்தேன், வைக்கவில்லை. வாயை ஒட்டி வைத்துக்கொண்டு மெதுவாகக் கேட்டான். "அப்போ அவரு எங்க நிப்பாரு மைனி?" அதற்கு யாரும் இல்லை என்றுதான் பதில், இப்போதுதானே சொன்னேன், மறுபடி சொல்வதற்கு வாயைத் திறந்தேன். குள்ளன் தலையை நிமிர்த்திப் பார்த்தது கண்ணுக்குள் வந்தது, எதிரணியின் பிழை, எதிரணியின் பிழை என்று நான் ஒவ்வொன்றாகப் பெட்டியில் போட்டதும் வந்தது. இத்தனை நாள் அந்த வெயிலில், ஊர் ஊராக, தண்ணீர்கூடக் குடிக்காமல் நின்றிருந்தால். நின்றிருந்தால் என்றுதான் நினைத்தேன், நின்றார் என்று நினைக்கவில்லை. "வீட்டுக்கு வரச் சொல்லு," என்றேன். "ஆடுனது போதும்னு சொல்லு. நான் இங்க தனியாத்தான் இருக்கேன்." சரி மைனி, சொல்லுகேன், என்றான் பெர்க்ளின், கடைக்குப் போகிறவனிடம் உப்பு வாங்கி வரச் சொன்னால் சொல்வானே, அந்த மாதிரி, போனை வைத்துவிட்டு ஓடினான். பயமாக இருந்தது, இல்லையென்று சொல்ல மாட்டேன். எழுந்து போய் வாசல் கதவின் கொண்டியை எடுத்துவிட்டு வந்து உட்கார்ந்தேன்.